ஒன்பதாவது மனை

குயிகார்,
9 அக்டோபர் 2016

அன்புள்ள ஒலிங்கா மதினிக்கு,

மக்ரீனா எழுதிக்கொள்வது. நீயும் பிள்ளைகள் தெக்லாவும் நீனாவும் அங்கே ஆங்கரேஜ் பட்டணத்தில் குளிருக்கு முன்னே நல்ல கோட்டு வாங்கி, சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும். போனில் கூப்பிட்டால் நீ பேசுகிறாயா காற்று பேசுகிறதா என்றே தெரிவதில்லை. அதோடு இது நீ நிதானமாகப் படிக்க வேண்டிய செய்தி. தனியாக ஒரு பெட்டியில் காய்ந்த சால்மன் அனுப்பியிருக்கிறேன். தெக்லாவுக்குப் பிடித்த வயிற்றுத் துண்டுகள் மேலாக இருக்கின்றன. நீ முந்திக்கொள்ளாதே.

போன மாதப் புயலில் ஆறு மறுபடி கரையைக் கடித்துவிட்டது. கிழவர் மத்வேயின் புகைக்கொட்டில், தொங்கிய மீனோடு சேர்ந்து ஆற்றுக்குள் போய்விட்டது. "இந்த வருஷம் ஆறே மீன் தின்னுடுச்சு" என்று அவர் சிரிக்கிறார். மற்றவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை. கரையோரம் ஒன்பது வீடுகள். எங்களுடையது இரண்டாவது. அண்ணன் நிக்கஃபோர் வீடும் அந்த வரிசையில்தான்.

இப்போது நல்ல செய்தி. இத்தனை காலமும் வெளியூர்க்காரர்கள் வந்து, நம் காப்பியைக் குடித்து, நமக்கு என்ன வேண்டும் என்று நமக்கே சொல்லிவிட்டுப் போவார்கள் இல்லையா? இந்தத் தடவை அண்ணன் கவுன்சில் தலைவராக நின்று அடித்துச் சொல்லிவிட்டார். "நம்ம ஊர் எப்படி இருக்கணும்னு நாமதான் சொல்லணும். திட்டத்த நாமளே எழுதுவோம். அவங்க படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடட்டும்." பிங்கோ ஹாலில் கூட்டம் போட்டோம். பெரிய வரைபடத்தைச் சுவரில் மாட்டி, ஆளுக்கு ஒரு கை நிறைய வண்ணப் பொத்தான் கொடுத்தோம். எங்கே என்ன வர வேண்டுமோ அங்கே ஒட்டு என்றோம். பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட வந்து ஒட்டினார்கள். குப்பைமேடு எங்கே என்பதில் மட்டும் இரண்டு பெரியவர்கள் அடித்துக்கொள்ளாத குறை.

துவைக்கவும் குளிக்கவும் ஒரு பொதுக்கூடம் வேண்டும் என்பது இரண்டாவது. ஊரே ஒரே வாயாகச் சொன்ன முதல் தேவை, கரையோர வீடுகள் ஒன்பதையும் மேட்டுக்குக் கொண்டுபோவது. மேடு என்றால் நம் ஊரில் ஒன்றுதானே இருக்கிறது. மாமாவின் மேடு. உன் அப்பா பேரைச் சொல்லிச் சொல்லித்தான் எல்லோரும் பொத்தான் ஒட்டினார்கள்.

வரைபடத்தின் நகல் வைத்திருக்கிறேன். நிலம் உன் பேரில் இருப்பதால் உன் கையெழுத்து வேண்டும். நட்சத்திரம் எடுத்து வீடு வீடாகப் பாடி வரும் நம் ஜனவரிக் கிறிஸ்துமஸ் பண்டிகைக்குள் அனுப்பினால் வசந்தத்தில் வேலை தொடங்கலாம். உனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று தெரியும்.

உன் அன்பு
மக்ரீனா


ஆங்கரேஜ்,
25 அக்டோபர் 2016

மக்ரீனா,

'அன்புள்ள' என்று எழுதக் கை வரவில்லை.

மீன் முதலில் வந்தது, கடிதம் பின்னால் வந்தது. தின்று முடித்த பிறகுதான் படித்தேன். முன்பே படித்திருந்தால் பெட்டியைப் பிரிக்காமல் தபால் விமானத்தில் திருப்பியிருப்பேன்.

வரைபடத்தைப் பார்த்தேன். என் அப்பாவின் மேட்டில் ஒன்பது பச்சைப் பொத்தான்கள். அதன் கீழே 'காலி இடம்' என்று எழுதியிருக்கிறது. எழுதியது நீ. உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? அந்த மேட்டுக்குப் பட்டா வாங்க என் அப்பா எத்தனை வருஷம் அலைந்தார், எத்தனை அலுவலகத்தில் மொழி தெரியாமல் நின்றார் என்று உனக்குத் தெரியும். அவர் தங்கை, உன் அம்மாதான் அவருக்கு வழிச்சோறு கட்டிக்கொடுத்தாள். அந்த இடம் உனக்குக் காலியா? வெளியூர்க்காரன் வந்து நம் நிலத்தைக் 'காலி' என்று எழுதியபோது நாம் எப்படிக் கொதித்தோம்! இப்போது நீங்களே எழுதுகிறீர்கள். கேட்பதற்கு முன்னால் பொத்தான் ஒட்டுகிறீர்கள்.

ஊரே ஒரே வாயாகச் சொன்னதாம். அந்த வாயில் என் வாய் இருந்ததா?

ஏழு வருஷத்துக்கு முன்னால், பிள்ளைகளின் அப்பனை விட்டுவிட்டு இரண்டு குழந்தைகளோடு விமானத்தை விட்டு இறங்கினேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கவுன்சில் வீடு ஒன்று பூட்டிக் கிடந்தது. கேட்கப் போனேன். உன் அண்ணன் என்ன சொன்னார் என்று வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. "ஊரு வீடு குடும்பத்துக்குத்தான், ஒலிங்கா. விதி அப்படி. புருஷன் இல்லாத வீடு குடும்பம் ஆகாது. ஒருத்தனப் புடிச்சிட்டு வா, சாவி தரேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார். சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். முறைக்காரி என்பதால் கிண்டலாம்! அந்தக் குளிர்காலம் முழுக்க அப்பாவின் நீராவிக் குளியல் கொட்டிலில் படுத்தோம். நீனாவுக்கு நிமோனியா வந்து பெத்தெல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கிருந்து ஊருக்குத் திரும்பவில்லை.

அந்த வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள்? யாரும் இல்லை என்று கேள்விப்பட்டேன். கூரை விழுந்துவிட்டதாமே.

கையெழுத்து இல்லை. உன் அண்ணனிடம் சொல்.

ஒலிங்கா


குயிகார்,
11 நவம்பர் 2016

மதினி,

உறை பிரிக்கும்போதே சுட்டது. நானும் சுடச் சுட எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

'காலி இடம்' என்று எழுதியது நான்தான். வீடு இல்லாத இடத்தை வேறு எப்படி எழுதுவது? என் வீட்டுப் பின்சுவருக்கும் ஆற்றுக்கும் நடுவே இப்போது ஒரு நாலு சக்கர வண்டி நிறுத்த இடமில்லை. கரை இடிந்து விழுகிற சத்தம் கேட்டால் என் சின்னவன் சூப்புக் கிண்ணத்தை வைத்துவிட்டுக் கதவருகில் போய் நிற்கிறான். பூட்ஸோடு படுக்கிறான். கழற்று என்றால் அழுகிறான். நீ குழாயைத் திருப்பினால் சுடுதண்ணீர் வருகிற ஊரில் உட்கார்ந்து எழுதுகிறாய். நான் மலவாளியைத் தூக்கிக்கொண்டு வழுக்கும் பலகைப்பாதையில் நடக்கும்போது உன் பட்டாவைக் கும்பிட்டுக்கொண்டே போகவா?

அன்றைக்கு நான் பேசாமல் இருந்தேன் என்றுதானே உன் எண்ணம்? அண்ணன் வாசலில் நின்று ஊர் கேட்கக் கத்தினேன். அந்த வசந்தம் வரை அவரோடு பேசவில்லை. எங்கள் வீட்டுக்கு வா என்று உன்னைக் கூப்பிட்டேன். பதினொரு பேர் படுக்கிற வீட்டில் பன்னிரண்டாவதாக மூச்சுவிட முடியாது என்று நீதான் மூஞ்சியைத் திருப்பினாய். கொட்டிலில் படுத்தது உன் வீம்பு. பிறகு ஓடிப்போனதும் உன் வீம்பு.

உன் கடிதத்தைப் பற்றி அண்ணனிடம் கடையில் வைத்துச் சொன்னேன். "அவளுக்குப் பட்டணத்துக் காத்து அடிச்சிருச்சு. ஊர் முழுகினாலும் கரையில நின்னு வேடிக்கை பாப்பா. விடு, மேலிடத்துக்கு எழுதி வாங்கிக்கலாம்" என்றார். மாவு மூட்டையோடு பக்கத்தில் நின்ற அவர் மனைவி, நம் ஃபெவ்ரோனியா அண்ணி, மூட்டையை அவர் கையில் திணித்துவிட்டு முன்னால் நடந்துவிட்டாள்.

நிலம் உன்னுடையது, சரி. ஆனால் ஆற்றுக்குப் பட்டா தெரியாது. யோசித்துப் பதில் போடு.

மக்ரீனா


ஆங்கரேஜ்,
27 நவம்பர் 2016

மக்ரீனா,

ஓடிப்போனேன் என்று எழுதியிருக்கிறாய். ஓடிப்போகிறவளுக்குத் தங்க ஓர் இடம் இருந்திருக்க வேண்டும். எனக்கு இல்லை. துரத்திவிட்டு, ஓடினாள் என்று சொல்லாதே.

மேலிடத்துக்கு எழுதட்டும் உன் அண்ணன். நம் ஊர்த் திட்டத்தை நாமே போடுவோம் என்று மார்தட்டியவர், ஊர்க்காரி ஒருத்தி எதிர்த்துப் பேசியதும் மேலிடத்துக்கு ஓடுகிறார். நன்றாக இருக்கிறது.

உன் சின்னவன் பூட்ஸோடு படுக்கிறான் என்று படித்ததும் எழுந்து போய் என் பிள்ளைகளின் கால்களைப் போர்த்திவிட்டு வந்தேன். அதையும் மறைக்கவில்லை. ஆனால் என் பிள்ளை இருமி இருமி நீலமானபோது யார் எழுந்து வந்தார்கள்?

நான் விலை கேட்கவில்லை. கேட்டால் என் அப்பா எழுந்து வந்து அடிப்பார். கேட்பது இரண்டுதான். புருஷன் இல்லாத குடும்பத்துக்கு ஊர் வீடு கிடையாது என்ற அந்த விதியைப் பொதுக்கூட்டத்தில், எல்லோர் முன்னாலும் அடித்து நீக்க வேண்டும். அடுத்தது, மேட்டில் பத்தாவதாக ஒரு மனை, என் பேரில். என் சொந்த மேட்டில் எனக்கு ஓர் இடம் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது, பார்த்தாயா!

அதுவரை என் பேனா மூடித்தான் இருக்கும்.

ஒலிங்கா


குயிகார்,
25 ஜனவரி 2017

மதினி,

பண்டிகை முடிந்துவிட்டது. நட்சத்திரத்தோடு எல்லா வீட்டுக்கும் போய்ப் பாடினோம். மூஸ் மான் சூப்பும், கொழுப்பில் பழம் கலந்த ஆகுத்தாக்கும் தின்று எல்லோர் வயிறும் நிறைந்திருக்கிறது, கோபம் குறைந்திருக்கும் என்று நம்பி மறுவாரமே கூட்டத்தைக் கூட்டினேன். முட்டாள் நான்.

நீ கேட்ட இரண்டையும் எழுந்து நின்று சொன்னேன். பத்தாவது மனைக்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. விதி என்றதும் அண்ணன் முகம் மாறிவிட்டது. "ஒருத்தி மிரட்டினான்னு விதிய அடிச்சா, நாளைக்கு ஆறு வந்து மிரட்டும். அதுக்கும் வளைஞ்சு குடுப்பமா?" என்றார்.

மத்வே கிழவர் பின்னாலிருந்து, "அது மிரட்டிட்டுத்தானப்பா இருக்கு. என் கொட்டிலக் கேளு" என்றார். சிரிப்பு எழுந்தது. அண்ணன் சிரிக்கவில்லை.

அப்போது நடாலியா எழுந்தாள். படகு கவிழ்ந்து கணவனைப் பறிகொடுத்தவள், உனக்குத் தெரியும். மூன்று பிள்ளைகளோடு தம்பி வீட்டுச் சாமான் அறையில் கிடக்கிறாள். "என் புருஷன் செத்ததுக்கு நான் என்ன பண்ணுவேன்? ஆத்துக்குள்ள போய்க் கூட்டிட்டு வரவா?" என்றாள். அதற்கு அண்ணன், "உனக்கு வேற வழி பாக்கலாம், நடாலியா. விதி விதிதான்" என்றார். கவுன்சில் ஐந்து பேரில் அவரையும் சேர்த்து நான்கு பேர் விதி இருக்கட்டும் என்று கை தூக்கினார்கள். ஐந்தாவது கை என்னுடையது. அது மேசைமேலேயே கிடந்தது.

அவர்மேல் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. அன்றிலிருந்து அவர் வீட்டுப் பக்கம் போகவில்லை. ஆனால் உன்மேலும் கோபம்தான். அங்கிருந்து தீக்குச்சியைக் கிழித்துப் போட்டுவிட்டாய். ஊர் இரண்டாகிவிட்டது. தேவாலயத்தில்கூட ஆண்கள் பக்கமும் பெண்கள் பக்கமும் முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். பனி உருகி ஆறு உடைகிறபோது அது எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டு வராது.

ஏதாவது செய். நேரில் வா, அல்லது விட்டுக்கொடு.

மக்ரீனா


ஆங்கரேஜ்,
6 பிப்ரவரி 2017

மக்ரீனா,

நேரில் வர மாட்டேன். அந்த ஹாலில் நின்று அந்தச் சிரிப்பை இன்னொரு தடவை கேட்க என்னால் ஆகாது.

விட்டுக்கொடு என்றாய். கொடுத்துவிட்டேன். இதோடு கையெழுத்திட்ட சம்மதப் பத்திரங்கள் இருக்கின்றன. எட்டு வீட்டுக்கு எட்டு. உன் வீடு, மத்வே கிழவர் வீடு, எல்லாம் இருக்கிறது. நடாலியாவுக்கு இடம் ஒதுக்கினால் அதற்கும் தனியாகப் போட்டுத் தருகிறேன்.

ஒன்பதாவது இல்லை. நிக்கஃபோர் அத்தானுக்கு என் மேட்டில் மனை கிடையாது.

அவருக்கு ஒரு விதி இருக்கிறதல்லவா? எனக்கும் ஒன்று உண்டு. குழந்தைகளோடு நின்ற ஒருத்தியைக் குளிரில் வெளியே தள்ளியவருக்கு என் மண்ணில் இடமில்லை. விதி விதிதான் என்று அவரிடம் சொல். சிரித்துக்கொண்டே சொல்.

ஒலிங்கா


குயிகார்,
12 மார்ச் 2017

ஒலிங்கா,

மதினி என்று கூப்பிட இன்று மனசில்லை.

உன் உறையை அப்படியே அடுப்பில் போடப் போனேன். அந்த வீட்டில் அண்ணன் மட்டுமா இருக்கிறார்? ஆறு பேரப்பிள்ளைகள். கடைக்குட்டி இப்போதுதான் நடக்கிறது. ஏழு வருஷத்துக்கு முன்னால் அவர் உனக்குச் செய்ததை இப்போது நீ அந்தப் பிள்ளைகளுக்குச் செய்கிறாய். அவர் விதியைக் காட்டிச் செய்தார், நீ பட்டாவைக் காட்டிச் செய்கிறாய். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

ஆனாலும் மறைக்க எனக்கு உரிமையில்லை. ஊர்த் திட்டம் என்றால் ஊருக்கு எல்லாம் தெரிய வேண்டும். கூட்டத்தில் உன் கடிதத்தை வாசித்தேன். 'சிரித்துக்கொண்டே சொல்' என்பது வரைக்கும் வாசித்தேன். யாரும் சிரிக்கவில்லை.

அண்ணன் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பிறகு எழுந்தார். "எட்டு வீடு போகட்டும். பத்திரத்த வாங்கிக்குங்க. நான் என் வீட்டுலயே இருந்துக்கறேன். ஒரு பொம்பள காலுல விழுந்து எனக்கு மனை வேணாம்."

காப்பிப் பாத்திரத்துப் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. ஃபெவ்ரோனியா அண்ணி. நாற்பது வருஷக் குடித்தனத்தில் அவள் கூட்டத்தில் வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

"நீங்க இருங்க. யாரு வேணாங்கறா? நானும் பேரப்புள்ளைங்களும் மேட்டுக்குப் போறோம்."

"உக்காருடி."

"உக்கார மாட்டேன். தலைவர்கிட்ட ஊர்க்காரி ஒருத்தி ஒரு கேள்வி கேக்கறேன். புருஷன் ஆத்தங்கரையில வீம்பு புடிச்சு உக்காந்திருக்கான். பொண்டாட்டி புள்ளகுட்டியோட மேட்டுல வந்து நிக்கறா. அவளுக்கு ஊரு வீடு உண்டா, இல்லையா? அது குடும்பமா, இல்லையா? உங்க விதி என்ன சொல்லுது?"

முதலில் மத்வே கிழவர் சிரிக்கத் தொடங்கினார். அவர் சிரிப்புத்தான் உனக்குத் தெரியுமே, இருமலா சிரிப்பா என்று புரியாது. அப்புறம் நடாலியா. அப்புறம் கூரை அதிர்ந்தது.

"இது என்ன விளையாட்டா?" என்று அண்ணன் கத்தினார்.

"அன்னிக்கு ஒலிங்கா வந்து நின்னப்ப நீங்க விளையாடுனீங்க. இன்னிக்கு நான் நிக்கறேன். பதில் சொல்லுங்க" என்றாள் அண்ணி. அவள் சிரிக்கவில்லை. அவள் கையிலிருந்த கோப்பை சாய்ந்து, காப்பி தரையில் கொட்டிக்கொண்டிருந்தது. அவளுக்கு அது தெரியவே இல்லை.

விதியை நீக்க வாக்கெடுப்பு என்றேன் நான். கவுன்சில் மட்டும் போதாது, ஹாலில் இருக்கிற எல்லோரும் கை தூக்கட்டும் என்றேன். காடு மாதிரிக் கைகள். அண்ணன் கை தூக்கவில்லை. ஆனால் சுவரில் ஒட்டியிருந்த விதித்தாளுக்கு அவரே போனார். பேனாவை வாங்கி அந்த வரியை அடித்தார். அடித்த வேகத்தில் தாள் கிழிந்தது. கதவருகில் என்னிடம் நின்று, "அவகிட்டச் சொல்லு..." என்று ஆரம்பித்தார். பிறகு, "ஒண்ணும் சொல்ல வேணாம்" என்று போய்விட்டார்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிற அந்த வீட்டைக் கூரை மாற்றி நடாலியாவுக்குக் கொடுப்பது என்று அங்கேயே முடிவாயிற்று. வரைபடத்தில் 'காலி இடம்' என்பதை அழித்து உன் அப்பா பேரை எழுதிவிட்டேன். பத்தாவது பொத்தானும் ஒட்டியாயிற்று.

இன்னொரு முடிவும் எடுத்தோம். ஒன்பது வீடும் போகாவிட்டால் எட்டும் போவதில்லை. இது மிரட்டல் இல்லை. எல்லோரும் என்றால் எல்லோரும்தான் என்று எங்களுக்குப் புரியவைத்ததே நீதான். அதனால் உன் எட்டுப் பத்திரங்களையும் இதோடு திருப்பி அனுப்புகிறேன். அண்ணன் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கிற ஆளும் இல்லை. கேட்பார் என்று பொய் சொல்லி உன்னிடம் கையெழுத்து வாங்க மாட்டேன்.

ஆற்றில் பனி முனகத் தொடங்கிவிட்டது.

மக்ரீனா


ஆங்கரேஜ்,
28 மார்ச் 2017

மக்ரீனா,

எனக்கும் அவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று எழுதினாயே, அதற்காக உன்னைச் சமையலறையில் நின்று வாய்விட்டுத் திட்டினேன். தெக்லா வந்து, "யாரும்மா போன்ல?" என்றாள். போனில் யாருமில்லை. திட்டித் தீர்த்த பிறகு உனக்கு எழுத ஒரு நல்ல பதில் தேடினேன். கிடைக்கவில்லை. அதற்காகவும் உன்மேல் கோபம்தான்.

ஃபெவ்ரோனியா அக்கா பேசியதைப் பிள்ளைகளுக்கு இரண்டு தடவை படித்துக்காட்டினேன். நீனா இன்னொரு தடவை கேட்டாள். மூன்றாவது தடவை தெக்லாவைப் படிக்கச் சொன்னேன்.

பத்தாவது மனையில் நான் வந்து வீடு கட்டுவேனா என்று கேட்காதே. தெக்லாவுக்கு இன்னும் ஒரு வருஷம் படிப்பு இருக்கிறது. அந்த ஊரில் மறுபடி கால் வைக்கலாம் என்று மனசு ஒருநாள் சொல்கிறது, மறுநாள் பல்லைக் கடிக்கிறது. ஆனாலும் மனைக்கு நாலு மூலையிலும் குச்சி நட்டு வை. மேற்குப் பக்கம் வேண்டும். பழச்செடிகள் இருக்கிற பக்கம். ஒரு புதரைக்கூட யாரும் மிதிக்கக் கூடாது, சொல்லிவை.

இதில் எட்டுப் பத்திரங்களும் மறுபடி இருக்கின்றன. ஒன்பதாவதும் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டேன். நிக்கஃபோரை நான் மன்னிக்கவில்லை. மன்னித்ததாக அந்தப் பத்திரத்தில் எங்கும் எழுதவில்லை, நீயும் யாரிடமும் அப்படிச் சொல்லாதே. உன்னை மன்னித்ததும் பாதிதான்.

ஒன்பதாவது மனை அவர் பேரில் இல்லை. ஃபெவ்ரோனியா பேரில் எழுதியிருக்கிறேன். வீடு அவளுடையது, சாவி அவளுடையது. அவரை உள்ளே விடுவதா வேண்டாமா என்பதை அவள் பார்த்துக்கொள்ளட்டும்.

ஒலிங்கா